பாலத்தில் மட்டும் வேனில் போனேன்

பெருங்குளத்திலிருந்து ராமேஸ்வரம் வரை ஓட முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு: முடியும். இந்த 2009 ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு நான் ஓடினேன், பாலம் இருக்கும் இரண்டு கிலோமீட்டர் நீங்கலாக. அந்த இரண்டு கிலோமீட்டர் ஒன்பது மாதமாக என் தலையைத் தின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

காரணம் எளிது. மதுரையில் என் நண்பர் ஒருவர் செயலாளராக இருக்கும் சின்னச் சங்கம், நடக்க முடியாதவர்களுக்கு மூன்று சக்கர வண்டி வாங்கித் தருகிறது. நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. காலையில் ஓடும் பழக்கம் உண்டு. "நீ மாரத்தான் ஓடு, நான் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை வாங்குகிறேன்" என்றார். மாரத்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஐம்பத்தைந்து. பதின்மூன்றைக் கழித்தால் பெருங்குளம் பக்கம் வருகிறது. அங்கிருந்து தொடங்குவதென்று முடிவானது.

மதுரையிலிருந்து ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் இரண்டே முக்கால் மணி நேரம், 42 ரூபாய். லாட்ஜ் அறை 250. கூடவே வர ஓர் ஆம்னி வேன், நாள் வாடகை 1,400. ஓட்டுநர் கருப்பையாவுக்கு முதுகுளத்தூர். தண்ணீர், உப்பு, வாழைப்பழம் எல்லாம் அவர் பொறுப்பு.

நாங்கள் செய்த தவறு பனியனில் இருந்தது. மலிவாகக் கிடைத்தது என்று செயலாளர் காவி நிறத்தில் வாங்கி, முதுகில் மூன்று சக்கர வண்டிப் படமும் "நடக்க முடியாதவர்களுக்காக ஓடுகிறேன்" என்ற வரியும் அச்சடித்திருந்தார். தை மாதம், ராமேஸ்வரம் சாலை, காவி உடுப்பு. மதுரைக்காரனான எனக்கு இது உறைக்கவில்லை. உள்ளூர்க்காரரான கருப்பையாவாவது சொல்லியிருக்கலாம். கேட்டால், "நீங்களும் வேண்டுதல்னுதான் நெனச்சேன் சார்" என்கிறார்.

காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன். உச்சிப்புளியில் ஒரு டீக்கடைக்காரர் ஓடி வந்து காலில் விழுந்தார். பதறிப்போய் நானும் குனிந்தேன், இரண்டு தலையும் முட்டிக்கொண்டன. எழுந்தவர் என் ஷூவைப் பார்த்து முகம் சுளித்தார். "செருப்போடயா சாமி போறீக?" சிரித்துவிட்டு ஓடினேன். அதற்குப் பிறகு எதிரே வந்த லாரிகள் ஹாரன் அடித்ததுகூட மரியாதைக்கா ஒதுங்கச் சொல்லியா என்று புரியவில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் சாலையோரத் தென்னந்தோப்பு. ஓர் அம்மாவும் இருபது வயது மகளும் கீழே உட்கார்ந்து தென்னையோலைக் கிடுகு முடைந்துகொண்டிருந்தார்கள். அம்மா பெயர் பஞ்சவர்ணம். என்னை நிறுத்தி நீர்மோர் கொடுத்தார்.

"யாருக்கு நேந்திருக்கீக சாமி? ஒங்க பிள்ளைக்கா?"

"இல்லம்மா. நடக்க முடியாத எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் எப்படி நேர முடியும்? பேரு சொல்லாம நேந்தா சாமி யாருக்குன்னு குடுக்கும்?"

நன்கொடை, சங்கம், கிலோமீட்டர் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அப்ப இன்னும் பேரு வைக்கலை. என் மக பேரை வச்சிருங்க. முருகேசுவரி, கார்த்திகை நட்சத்திரம்" என்றார். மகளுக்கு இளம்பிள்ளைவாதம். இரண்டு காலும் சூம்பியிருந்தன. மஞ்சள் துணி எடுக்க அம்மா குடிசைக்குள் போனார்.

அந்த இடைவெளியில் முருகேசுவரி தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அண்ணே, முதுகுல படம் போட்டிருக்கே, அந்த வண்டிய நெசமாவே குடுப்பாகளா?"

"குடுப்பாங்கம்மா."

"அப்ப என் பேரை எழுதிக்கங்க. உச்சிப்புளில தையக்கடையில ஆள் கேக்குறாக. போக வழியில்லாம கெடக்கேன். அம்மாட்ட சொல்லிராதீக. கால் வரும்னு நம்பிக்கிட்டு இருக்கு அது. வண்டி கேட்டேன்னு தெரிஞ்சா அழும்."

அம்மா வந்து, ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் வைத்தார். ராமநாதசாமி உண்டியலில் போட வேண்டும். "வண்டி வாகனம் ஏறாம கொண்டு போங்க சாமி." மறுத்திருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரே பாக்கெட்டில் முடிச்சும், மகள் பெயர் எழுதிய சீட்டுமாக ஓடினேன். நான் யார் வேண்டுதலைச் சுமக்கிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தடிக்கு வந்தபோது மணி ஒன்பது பத்து. இருபத்தெட்டாவது கிலோமீட்டர். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. பாலத்து முகப்பிலேயே காற்று ஆளைத் தள்ளியது, பக்கத்திலேயே பேருந்துகள் உரசிக்கொண்டு போயின. பாலத்தை மட்டும் வேனில் கடந்து அந்தப் பக்கம் இறங்கி ஓடலாம் என்றேன். கருப்பையா கதவைத் திறக்கவில்லை.

"முடிச்சு இருக்குல்ல சார். அதை வச்சுக்கிட்டு ஏறலாமா?"

"எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது கருப்பையா."

"ஒங்களுக்கு இல்ல சார். குடுத்துவிட்ட ஆளுக்கு இருக்குல்ல?"

அவர் சொன்னது சரிதான். ஆனால் கால் தரையில் ஊன்றவில்லை. கடைசியில் அவரே கதவைத் திறந்துவிட்டார். பாம்பன் பக்கம் இறங்கி, நொண்டி நொண்டி மீதிப் பன்னிரண்டு கிலோமீட்டரை ஓடி, பதினொன்றே முக்காலுக்குக் கோயில் வாசலை அடைந்தேன். குளித்து, உண்டியலில் முடிச்சைப் போட்டபோது திருட்டுச் சாமானைக் கைமாற்றுவது மாதிரி கை கூசியது. மதுரைக்கு வந்து, ஓடியது நாற்பதுதான் என்று செயலாளரிடம் சொன்னேன். "பாலத்தை யார் பார்த்தது?" என்று சிரித்தார். நன்கொடை தந்தவர்களும் முழுத் தொகையையே தந்தார்கள்.

ஓட நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். தை, மாசியை விட்டால் வெயில் கொன்றுவிடும். ஐந்து மணிக்கே தொடங்குங்கள். மண்டபத்தில் இளநீர் பத்து ரூபாய், அதற்குப் பிறகு பாம்பன் வரை ஒன்றும் கிடைக்காது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை திரும்பப் பேருந்து நான்கு மணி நேரம், 65 ரூபாய். காவியும் மஞ்சளும் வேண்டாம், வெள்ளையோ நீலமோ போடுங்கள். யாராவது முடிச்சுக் கொடுத்தால் வாங்குவதற்கு முன் உங்கள் காலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலம் பற்றி மட்டும் என்னால் ஆலோசனை சொல்ல முடியவில்லை. காரணம், போன மாதம் நடந்தது.

முருகேசுவரிக்கு வண்டி ஒதுக்கீடு ஆனது. கருப்பையாவின் வேன் கூரையில் கட்டி நானே கொண்டுபோனேன். பஞ்சவர்ணம் அம்மா வண்டியைச் சுற்றி வந்தார், தொட்டுப் பார்த்தார், அழவில்லை. யோசனையோடு என்னைக் கேட்டார்: "நான் காலுல்ல கேட்டேன், வண்டி வந்திருக்கு. முழுசாத்தானே ஓடுனீக சாமி?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. பாலத்தில் வேனில் போனதைச் சொன்னேன். கருப்பையா தோப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அதான பாத்தேன்! பாதி ஓட்டத்துக்கு ராமநாதசாமி பாதி குடுத்திருக்காரு." அந்த அம்மாவுக்குக் கோபமே இல்லை, ஒரு புதிர் விடுபட்ட நிம்மதிதான். "பரவால்ல சாமி. வார தைக்குப் பாலத்தையும் சேத்து ஓடிருங்க. காலும் வந்துரும்." உள்ளே போய் இன்னொரு முடிச்சு கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். எனக்குத்தான் புத்தி வராதே.

புறப்படும்போது முருகேசுவரி வண்டியைக் கையால் சுழற்றி ஓட்டிக்கொண்டு சாலை வரை கூடவே வந்தாள். அம்மா காதில் விழாத தூரம் வந்ததும் நிறுத்தினாள்.

"அண்ணே, ஒருவேளை கால் வந்துருச்சுன்னா, வண்டியத் திரும்ப வாங்கிருவாகளா?"

சங்கத்து விதி எனக்குத் தெரியாது. நடக்கிறவர்களுக்கு வண்டி கிடையாது என்பது மட்டும் தெரியும். "வாங்கினாலும் வாங்குவாங்கம்மா" என்றேன்.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப பாலத்துல வேன்லயே போயிருங்கண்ணே."

தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கருப்பையாவிடம் வேனுக்குச் சொல்லிவிட்டேன். பாலத்தைப் பற்றி இன்னும் பேசவில்லை.