ஆள் ஏறாத ஜீப்பில் அளந்த கோணம்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக ஏலத்தோட்டத்துக்குத் தினமும் பத்துப் பெண்களை என் ஜீப்பில் கூட்டிப் போகிறேன். தோட்டப் பாதையில் வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டுகிறதென்று பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்து வண்டியை உயர்த்தினேன். அன்றிலிருந்து வண்டித் தளத்துக்கடியில் ஒரே அதிர்வு.

எஞ்சின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாப்ட்டின் சாய்வு மாறிவிட்டதாம். பட்டறையில் கோணத்தை அளந்து, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வுத் தகடு கொடுத்துச் சரிசெய்தார்கள். ஓட்டிப் பார்த்தேன், துளி நடுக்கமில்லை.

மறுநாள் காலை மெட்டு ஏறும்போது, "தம்பி, காலுக்குக் கீழ உதறுது, நிப்பாட்டுப்பா" என்றார் பின்னால் இருந்த பாண்டியம்மாள் அக்கா.

"நேத்துத்தான் சரி பண்ணுனது. பேசாம வாங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன்.

அடுத்த வளைவில் 'டமார்' என்று ஷாப்ட் கழன்று விழுந்தது. வண்டி பின்னோக்கி உருண்டது. பின்னால் கிடுகிடு பள்ளம். பிரேக்கை ஏறி மிதித்தேன். நின்றது. மிதித்த காலை எடுக்கவில்லை. பெண்கள் குதித்திறங்கிச் சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுத்தார்கள்.

"பட்டறையில அளந்துதானக்கா மாட்டுனாக" என்றேன்.

"அளக்கும்போது நாங்க பத்துப் பேரும் உள்ள இருந்தமா?"

சுருக்கென்றது. ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். காலி வண்டியில் அளந்த சாய்வு அப்போதே மாறிப்போகும். இது எனக்கும் தோன்றவில்லை, பட்டறைக்கும் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் ஷாப்ட் வேலை என்றால் பத்துப் பேரையும் பட்டறைக்கே கூட்டிப்போய், ஏற்றி உட்காரவைத்துத்தான் கோணம் அளக்கிறோம். பாண்டியம்மாள் அக்கா "உதறுது" என்றால், எனக்குத் தெரியாவிட்டாலும் வண்டியை நிறுத்திவிடுகிறேன்.