அம்மாவுக்குச் சொன்ன முடிவு

நேற்று கள்ளக்குறிச்சி நூலகத்தில் ஒரு பழைய ஆங்கில நாவலைப் பிரித்தேன். மக்கிய தாளின் வாசனை என்னை ஒன்பதாம் வகுப்புக்கே கொண்டுபோய்விட்டது.

அப்போது பள்ளியிலிருந்து அப்படியொரு நாவலை எடுத்துவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். கப்பலேறிப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை. மரவள்ளிக் காட்டில் களையெடுத்துவிட்டு வரும் அம்மா, மண் வாசனை போகாத கையால் அடுப்பு மூட்டிக்கொண்டே தினமும் கேட்பாள்.

"இன்னிக்கி இன்னாடி ஆச்சி? அவன் வந்தானா?"

"இன்னும் வரலம்மா."

"பாவம், எத்தினி நாளுதான் காத்துக்கினு இருப்பா?"

கடைசிப் பக்கத்திலும் அவன் வரவில்லை. அவள் இறந்துபோனாள். அன்று அம்மா மிகவும் களைத்து வந்திருந்தாள். "வந்துட்டாம்மா" என்று பொய் சொல்லிவிட்டேன். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நேற்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும்டி" என்றாள். "வந்துட்டான்னு சொல்லும்போதே அழுதுக்கினு இருந்தியே. நீ அழுவறத வுடணும்னுதான் சிரிச்சேன்."