மார்லிஸ் மாற்றிய எண்

மார்லிஸ் கொஸ்கெலா எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். மிச்சிகனின் இந்த வடக்குக் கோடியில் நவம்பரிலேயே சாலை உறைந்து வழுக்கும். ஒரு கண்ணைச் சாலையிலும் இன்னொரு கண்ணைத் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியிலும் வைத்து, பேருந்து நிறையப் பிள்ளைகளை இத்தனை வருடமாகப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். எந்த வீட்டில் சண்டை, எந்தப் பையனுக்கு எந்தப் பெண்மேல் கண் என்பதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகவே அவளுக்குத் தெரிந்துவிடும். தன் வீட்டுச் சங்கதி மட்டும் கடைசியாகத்தான் தெரிந்தது.

அவள் கணவன் டேரில் மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். பொறுப்பில்லாதவன் என்று அவனை யாரும் சொல்லிவிட முடியாது. இலையுதிர் காலம் வந்தால் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் துப்பாக்கியை எப்படி ஜாக்கிரதையாகக் கையாள்வது என்று பாடம் நடத்துகிறவன் அவன்தான். எங்கள் வீடுகளில் துப்பாக்கிகள் கண்ணாடிக் கதவு போட்ட மர அலமாரியில் நிற்கும். சாவி அந்த அலமாரியின் தலைமேலேயே கிடக்கும். முக்காலி போட்டு ஏறத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் அது தெரியும். பூட்டு என்ற பெயரில் நாங்கள் செய்துவந்த கூத்து அவ்வளவுதான். டேரில் அதைக் கேலி செய்வான். ஆள் உயரத்துக்கு இரும்புப் பெட்டகம் வாங்கி, பின்னறைத் தரையோடு சேர்த்து முடுக்கி, எண்களை அழுத்தினால்தான் திறக்கும்படி வைத்திருந்தான்.

ஆனால் கொஸ்கெலா வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மானை அடித்த பிள்ளைக்கு அந்தப் பூட்டின் ரகசியத்தைச் சொல்லிவிடுவார்கள். நீயும் பெரிய ஆளாகிவிட்டாய் என்று அர்த்தம். அவர்களுடைய ஒரே மகள் ஐனோ பன்னிரண்டு வயதில் முதல் மானை அடித்தாள். அன்று சாப்பாட்டு மேசையில் டேரில் குனிந்து அவள் காதில் எண்ணைச் சொன்னான். எல்லோரும் கைதட்டினார்கள். மார்லிசும் தட்டினாள்.

இப்போது ஐனோவுக்குப் பதினைந்து. முன்பெல்லாம் அம்மாவின் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து இறங்கும்வரை வாயாடிக்கொண்டு வந்தவள், இந்த வருடம் கடைசி இருக்கைக்குப் போய்விட்டாள். பள்ளியில் அவள் சறுக்கி விழுந்ததை யாரோ படம்பிடித்து, பாட்டுச் சேர்த்துச் சுற்றவிட்டிருந்தார்கள். பெண்கள் போனைப் பார்ப்பார்கள், திரும்பி ஐனோவைப் பார்ப்பார்கள், சத்தமே வராமல் சிரிப்பார்கள். பேப்பரை உருட்டி எறிந்தால் மார்லிஸ் வண்டியை நிறுத்தி அதட்டலாம். சத்தமில்லாத சிரிப்பை என்னவென்று அதட்டுவது?

ஒரு மாலை ஐனோ வீட்டுக்குப் பின்னாலிருந்த நீராவிக் குளியலறைக்குப் போயிருந்தாள். சமையலறை மேசையில் அவள் போன் மினுங்கியது. மார்லிஸ் எடுத்துப் பார்த்தாள். பார்த்தது தப்புதான், பார்க்காமல் இருந்திருந்தால் அது அதைவிடப் பெரிய தப்பு. முகம் தெரியாத, ஊர் தெரியாத ஆட்கள் ஒரு குழுவாகக் கூடி, வாழ்க்கை வெறுத்துப்போனதை ஒருவருக்கொருவர் சொல்லி, அந்த வெறுப்பைச் செல்லம் கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று ஐனோவிடம் ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது, பெட்டகத்தின் நம்பரும் எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாள் ஐனோ. அதற்கு அந்த ஆள் ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பியிருந்தார்.

மார்லிஸ் போனை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஈரத் தலையோடு வந்த மகள் சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். மறுநாள் காலை வேறு பிள்ளைகள் ஏறும் முன் பேருந்தில், மனசுக்கு என்னம்மா என்று மார்லிஸ் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். அலுப்பா இருக்கு, வேறொண்ணுமில்ல என்று மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனநல மருத்துவரைக் கூப்பிட்டால் ஜனவரியில்தான் இடமிருக்கிறது என்றார்கள்.

ஜனவரிவரை என்ன செய்வது? டேரிலிடம் சொன்னால் போனைப் பிடுங்கி ஏரியில் எறிவான், என் மகளா இப்படி என்று கூரை அதிரக் கத்துவான், பெண் அதோடு வாயை மூடிவிடும். பள்ளியில் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஷெரிஃபின் போலீஸ் வண்டி வாசலில் நிற்கும், மறுநாள் பேருந்து முழுக்க அதே பேச்சாக இருக்கும். துப்பாக்கிகளைக் கொழுந்தன் யூஜினிடம் கொடுத்துவைக்கலாம் என்றால், அவன் அலமாரிச் சாவி எங்கே கிடக்கிறது என்று ஐனோவுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். மார்லிசின் அப்பா வீட்டில் சாவி காபி டப்பாவில். மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்றாலும், அவள் பேருந்து நிற்கும் ஒவ்வொரு வாசலுக்கும் பின்னால் துப்பாக்கி என்ற அந்தச் சனியன் நின்றுகொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், பெட்டகத்தோடு வந்த சிறு புத்தகத்தைத் தேடியெடுத்து, எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்து, எண்ணை மாற்றிவிட்டாள். பிறந்தநாள், கல்யாண நாள் என்று யாரும் ஊகிக்கக்கூடிய எதையும் வைக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு பேருந்தை நிறுத்திவிட்டு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டகத்தின் கைப்பிடியைத்தான் இழுத்துப் பார்ப்பாள்.

அந்த வாரமே மான் வேட்டை தொடங்கவிருந்தது. அதற்கு முந்தின மாலை, டேரிலும் யூஜினும் ஆரஞ்சுக் கோட்டு மாட்டிக்கொண்டு காட்டுக் குடிசைக்குக் கிளம்பி நின்றார்கள். வழிக்கு வேண்டிய, இறைச்சி அடைத்துச் சுட்ட பணியாரங்களை மார்லிஸ் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். டேரில் எண்ணை அழுத்தினான். பெட்டகம் சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடி அழுத்தினான். மறுபடியும் சிவப்பு.

“அண்ணனுக்கு வயசாயிடுச்சு அண்ணி. நாளைக்கு மானுன்னு நெனச்சு என்னைத்தான் சுடப்போறாரு” என்றான் யூஜின்.

பேட்டரி தீர்ந்திருக்கும் என்று டேரில் இழுப்பறையைக் குடையப் போனான். இனி மறைக்க முடியாது என்று மார்லிசுக்குத் தெரிந்தது.

“பேட்டரி நல்லாத்தான் இருக்கு. நம்பர நான்தான் மாத்துனேன்.”

“எதுக்கு?”

“அப்புறம் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க, ஒன் துப்பாக்கிய நானே எடுத்துத் தர்றேன்.”

தம்பிக்கு முன்னால் டேரிலுக்கு மானம் போயிற்று. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் தன் வீட்டிலேயே கையேந்தி நிற்க வேண்டுமா என்று குரலை உயர்த்தினான். சத்தம் கேட்டு ஐனோ மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

“இவளும் இந்த வீட்டு வேட்டைக்காரிதான்” என்றான் டேரில். “எங்க ரெண்டு பேரு காதுலயும் விழற மாதிரி இப்பவே சொல்லு.”

எண்ணைச் சொல்ல முடியாது. காரணத்தைச் சொன்னால் மகளைச் சபையில் நிறுத்தி அவமானப்படுத்தியதாகும். மார்லிஸ் துணியில் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

“விடுப்பா” என்றாள் ஐனோ. “நான் செவ்வாக்கெழமையே போட்டுப் பாத்தேன். தொறக்கல.”

டேரிலுக்கு முதலில் விளங்கவில்லை. “செவ்வாக்கெழமை எதுக்கு? சீசன் நாளைக்குத்தானே...” என்று பாதிச் சிரிப்போடு சொல்லிக்கொண்டே திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றது. யூஜின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“அம்மா, புது நம்பர எங்கிட்ட சொல்லாத” என்றாள் ஐனோ. “நான் எப்படிக் கேட்டாலும் சொல்லாத.”

மார்லிஸ் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மகளை வீட்டில் இறக்கிவிட்டு அவள் மிச்சப் பிள்ளைகளை ஏற்றிப் போன நேரத்தில், இந்தப் பெண் தனியாக அந்தப் பெட்டகத்தின் முன்னால் நின்றிருக்கிறாள். டேரில் பெட்டகத்தைப் பார்த்தான், மகளின் காதைப் பார்த்தான், பெட்டகத்துக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“எனக்கும் வேண்டாம் மார்லிஸ்” என்றான். “எங்கிட்ட இருந்தா அவகிட்டப் போயிடும். நான் கத்துனாலும் சொல்லாத.”

யூஜின் தனியாகக் கிளம்பிப் போனான். ஜனவரி வரைக்கும் காத்திருக்க முடியாது, விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய் உட்கார்ந்துவிடலாம் என்று முடிவாயிற்று. மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பணியாரத்தைப் பிய்த்துத் தின்றாள். மார்லிஸ் நின்றபடியே இருந்தாள். உண்மை வெளியே வந்துவிட்டால், கத்தி முடித்த பிறகாவது பாரத்தில் பாதியைக் கணவன் தாங்குவான் என்று அவள் நம்பியிருந்தாள். இப்போதோ இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த எண்ணை எங்கும் எழுதிவைக்கவும் கூடாது, மறக்கவும் கூடாது. இனி அந்த வீட்டில் அவள் தூக்கத்தில் உளறவும் கூடாது.