சிங்கப்பூரில் கற்ற நெசவு

எங்கள் மாமா ஆறு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்தார் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தச் சிங்கப்பூருக்கு அம்மா மாதம் ஒரு தடவை காலையில் பஸ் ஏறிப் போவார். மத்தியானம் சோறு வடிக்கத் திரும்பி வந்துவிடுவார். வகுப்பில் தேசப்படம் வரைந்து ஊர் குறிப்பதில் நான்தான் முதல். ஆனாலும் ஒரு நாள்கூட எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

மாமா அம்மாவுக்கு நேர் இளையவர். எனக்கு ஒன்பது வயதாகும்போது திரும்பி வந்தார். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் மிட்டாய் டின், சென்ட்டு பாட்டில் என்று ஏதாவது கொண்டு வருவார்கள். மாமா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து வாசலில் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கைத்தறியில் கால்மிதி நெய்யத் தெரியும் என்பதைத் தவிர அவர் அங்கிருந்து எதையும் கொண்டுவரவில்லை.

எங்கள் ஊரான ஜெலுத்தோங்கில் ஃபிளாட்டுக்குப் பின்னால் ஒரு சீனத் தச்சர் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் பழைய கட்டில் பலகைகளைக் கொடுத்து, தாளில் படம் போட்டுக் காட்டி, மாமா ஒரு தறி செய்து வாங்கினார். அதைத் துண்டு துண்டாக மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்து பின்னறையில் பொருத்தினார். லாரி ஓட்டிய அப்பா, சட்டைத் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட துணிகளை மூட்டையாகக் கொண்டுவருவார். அவற்றை விரல் அகலத்துக்குக் கிழித்து, முனையோடு முனை சேர்த்துப் பந்தாகச் சுற்றுவோம். நீளவாட்டில் ஓடும் பாவுக்குக் கெட்டியான வெள்ளை நூல், குறுக்கே போகும் ஊடைக்கு இந்தத் துணி. ஓரத்தில் மட்டும் பாவை இரட்டையாகப் போடுவார். கால்மிதி முதலில் பிரிவது ஓரத்தில்தான் என்பார். ஒவ்வொரு வரிக்கும் தறிப் பலகையை இரண்டு தடவை இழுத்து இடிப்பார். கீழ் வீட்டுச் சீன ஆன்ட்டி முதல் வாரம் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தார். இரண்டாம் வாரம், தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டுமென்று வந்தார். அவ்வளவு அழகாக இருக்கும், அவ்வளவு கனமாகவும் இருக்கும்.

நிறம் மாறும் இடத்தில் துணியை வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் என் பொறுப்பு. மாமா அதைத் தறிமேல் வைக்க மாட்டார், தன் பக்கத்திலும் வைத்துக்கொள்ள மாட்டார். கையை நீட்டுவார், கொடுப்பேன். வெட்டியதும் கூர்முனை தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, பிடியை என் உள்ளங்கையில் வைத்து, மலாயில் "சுக்குப்" என்பார், எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதுபோல. இருபது தடவை வெட்டினால் இருபது தடவையும் இப்படித்தான். இது நெசவுக்காரர்களின் முறை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அம்மாவின் கடைசித் தங்கையான சின்னம்மாவும் எங்களோடுதான் இருந்தார். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. முப்பத்திரண்டு வயது. அதுவரை இரண்டு வரன்கள் வந்து தட்டிப் போயிருந்தன. ஜாதகம் பொருந்தவில்லை என்று எனக்குச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்தது சுங்கை பாக்காப் ஊர் மாப்பிள்ளை. ஒரு கல்யாண வீட்டில் பார்த்துப் பழகியவர். அவரிடமிருந்து போன் வந்தால் சின்னம்மா சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவார். இதுவும் கூடாமல் போனால் இனி யாரும் தன்னைப் பார்க்க வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

அவர்கள் பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை, மாமா வெளியே போய்விடுகிறேன் என்றார். அம்மா விடவில்லை. ஆளை ஒளித்து வைத்தால்தான் சந்தேகம் வரும், கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அவர்கள் உட்காரப்போகும் கூடத்துக்கென்றே மாமா பதினோரு நாள் உட்கார்ந்து ஒரு பெரிய விரிப்பு நெய்திருந்தார். கரும்பச்சை, இரண்டு பக்கமும் அரக்குப் பட்டை. அதை விரித்துவிட்டுப் பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். அறுபது வயதுப் பெரியவர், வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, கோயில் கமிட்டியில் இருப்பவராம். பேச்சு நன்றாகவே போனது. சின்னம்மா தலைகுனிந்து கேசரி கொடுத்தார். பெரியவர் கீழே குனிந்து விரிப்பைத் தடவிப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். என் மாமா நெய்தது என்றேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. அம்மா கண்ணைக் காட்டியதைக் கவனிக்காமல் பெரியவர் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மாமா சட்டென்று எழுந்து நின்றார். நான் தறியை விளக்கினேன், காலால் அழுத்தும் மிதிகட்டையைக் காட்டினேன், கடைசியாகக் கத்தரிக்கோலைப் பெரியவரிடம் கொடுத்து, தொங்கிக்கொண்டிருந்த துணியை நீங்களே வெட்டுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே வெட்டினார். வெட்டியதும் கூர்முனையைத் தன் பக்கம் திருப்பி, பிடியை என் உள்ளங்கையில் வைத்தார். "சுக்குப்" என்றார்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

"தாத்தா, நீங்களும் சிங்கப்பூர்லதான் இருந்தீங்களா?"

பெரியவர் முகம் வெளுத்துவிட்டது. மாமாவைப் பார்த்தார், மாமா அவரைப் பார்த்தார். பிறகு மாமா மெதுவாக உட்கார்ந்து, நெய்யத் தொடங்கினார். பெரியவர் கூடத்துக்குப் போனார். ஆறிப்போன காப்பியைக் குடிக்காமலே கிளம்பலாம் என்று எழுந்துவிட்டார்.

புதன்கிழமை, இந்தப் பேச்சை நடத்தி வைத்த தரகரம்மா போன் செய்தார். பெண்ணின் அண்ணன் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவராம், அப்படிப்பட்ட வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று தாய்மாமன் முடிவாகச் சொல்லிவிட்டாராம். அவ்வளவு சீக்கிரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மா மாய்ந்து மாய்ந்து கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள், தச்சுப் பட்டறை, எல்லார்மேலும் பழி விழுந்தது. சின்னம்மா வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டார். அழவில்லை. தொழிற்சாலை உடுப்போடு நேராகப் பின்னறை வாசலுக்குப் போனார்.

"நீங்க அங்கேயே இருந்திருக்கலாம்ணே."

தறிச் சத்தம் நின்றது. சிங்கப்பூர் எங்கே இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த மாதமே மாமா தறியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெடா பக்கம் ஒரு நாற்காலிக் கடைக்கு வேலைக்குப் போனார். தீபாவளிக்கும் வந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அங்கேயே இறந்தார். முகத்தைப் பார்க்கச் சின்னம்மா வரவில்லை. தனக்கு எந்த அண்ணனும் இல்லை என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கல்யாணமும் நடக்கவில்லை.

இருபது வயதுக்கு மேல்தான், சிறைப் பட்டறைகளில் கத்தி, கத்தரிக்கோலை இப்படி ஒவ்வொரு தடவையும் எண்ணித் திருப்பி வாங்குவார்கள் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன். அந்தப் பெரியவர் சொன்ன "சுக்குப்" அப்போதுதான் எனக்கு விளங்கியது. சின்னம்மாவிடம் சொல்லிவிட எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொன்னால், இத்தனை வருடக் கோபத்தையும் அவர் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்? பயமாக இருக்கிறது. என் வீட்டு வாசலில் மாமா நெய்த சிவப்புக் கால்மிதி ஒன்று கிடக்கிறது. ஓரம் பிரியவில்லை. சின்னம்மா வரும்போதெல்லாம் அதை மிதிக்காமல் தாண்டி வருகிறார்.

அது எனக்குக் கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சின்னம்மா அப்படிப் பேசிய மறுநாள், நான் பள்ளி விட்டு வந்ததும் மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அந்தப் பெரியவர் கத்தரிக்கோலத் திருப்பிக் கொடுத்தாரே பாப்பா, அத யார்கிட்டயும் சொல்லாதே. அம்மாகிட்டகூட வேண்டாம்."

ஏன் என்று கேட்டேன்.

"அவர் வீட்ல பேரப்பிள்ளைங்க இருக்கும்லா."

நெசவுக்காரர் முறையில் கத்தரிக்கோல் கொடுப்பதற்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மாமா கெஞ்சுகிறார் என்பது மட்டும் விளங்கியது. சும்மா விடுவேனா? சிவப்பில், நடுவே மஞ்சள் பட்டை வைத்து, எனக்கென்று தனியாக ஒரு கால்மிதி நெய்து தந்தால் சொல்ல மாட்டேன் என்றேன். மாமா சரி என்று அப்போதே பாவு கட்டத் தொடங்கினார். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஒரு முழுக் கால்மிதி! மாமா நன்றாக ஏமாந்தார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.