வவுணதீவில் ஒரு இரட்டை வீடு

கண்டதையும் கேட்டதையும், எங்கள் வீட்டாருக்குப் பிடிக்காத பேச்சையும்கூட, உள்ளபடியே எழுதப்போகிறேன். யுத்தம் முடிந்த மறுவருடம், ஓகஸ்ட் விடுமுறையில் போனோம். சுனாமியில் கடற்கரை வீட்டை இழந்த பெரியம்மாவுக்கு, பிரித்தானிய உதவி அமைப்பொன்று வாவிக்கு மேற்கே வவுணதீவில் கட்டிய வீடு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான். அந்த வீட்டை மாப்பிள்ளையின் தாய் பார்த்துச் சரியென்றால் பெரியம்மாவின் மகள் மலர் அக்காவுக்குக் கலியாணம்.

மட்டக்களப்பில் நான்கரை மணிக்கு பஸ். கட்டணம் இருபது ரூபாய், அரைமணி நேரப் பயணம். முன்பெல்லாம் பாலத்துச் சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டிவிட்டு நடக்கவேண்டும். இப்போது பஸ் வேகத்தைக் குறைப்பதோடு சரி.

பிரித்தானிய வீட்டு வகைகளை நூலகத்தில் வாசித்திருந்தேன். நாற்புறமும் வளவுள்ள தனி வீடு, தெரு நீளத்துக்கு ஒட்டிநிற்கும் வரிசை வீடு (எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் அப்படித்தான்), மாடியில்லாத பங்களா, ஒரே கூரையை நடுச்சுவர் பிரிக்கும் இரட்டை வீடு. பெரியம்மாவுடையது கடைசி வகை. மறுபாதியில் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியரான லூயிஸ் அங்கிள் இருக்கிறார்; தச்சுவேலை.

மாப்பிள்ளையின் தாய் முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

"என்னகா இது, அரை வீட்டுக்கு முழு மாப்பிள்ளையோ?"

"லண்டன்ல கனபேர் இப்பிடித்தான் இரிக்காங்க மாமி. ஒவ்வொரு பாதியும் முழு வீடுதான்," என்றேன்.

"அப்ப லண்டன்லயே மாப்பிள்ளை பாருங்க."

ஆனாலும் உள்ளே வந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தார். பிழை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பொழுது சாய்ந்து அடுத்த பாதியில் லைட் போட்டார்கள். எங்கள் அறை வெளிச்சமானது! அண்ணாந்து பார்த்தோம். நடுச்சுவர் கூரை முகடுவரை போகாமல் பாதியில் நின்றிருந்தது. லண்டன் வீட்டில் சீலிங் அதை மறைத்துவிடும். இங்கே சீலிங் போடவில்லை.

"அங்க லைட் போட்டா இஞ்ச விடியுது. புதுமாப்பிள்ளை பொண்ணு என்னெண்டு படுக்கிற?" என்றார் மாமி.

மலர் அக்கா குசினிக்குள், அடுப்பங்கரைக்கு, போய்விட்டாள். சுவருக்கு மேலால் லூயிஸ் அங்கிளின் குரல் வந்தது.

"ரெண்டு கிழமை தாங்க, சம்பந்தியம்மா. மேசனைப் பிடிச்சு சுவரை முகடு முட்ட ஏத்துவம். வீட்டுக்கார அம்மாட குறட்டையில எனக்கும் நித்திரை இல்ல."

மாமிக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. "ஏத்துங்க. மறுகா வந்து பாத்துத்தான் சொல்லுவன்."

இரட்டை வீடு பார்க்கப் போகிறவர்களே, கதவு ஜன்னலைப் பிறகு பாருங்கள், முதலில் அண்ணாந்து பாருங்கள். பகலிலேயே திரும்பிவிடாதீர்கள், விளக்குப் போடும்வரை நில்லுங்கள், கடைசி பஸ் ஏழு மணிக்குத்தான். பாதியும் முழு வீடுதான் என்று நான் சொன்னது சரி. சுவர் முகட்டைத் தொட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து, அதே பஸ்ஸில், மாமியோடு போனோம். பொழுது சாய்ந்ததும் லூயிஸ் அங்கிள் தன் பக்கத்து லைட் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். மாமி கதவைச் சாத்தச் சொன்னார். அக்கா அறை விளக்கை அணைத்தாள். முகட்டில் ஒரு கீற்றுக்கூட இல்லை.

பிறகு இருட்டுக்குள்ளிருந்து மாமியின் குரல்:

"குசினி லைட்டையும் நூர், மருமகள். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அக்கா குசினி விளக்கையும் அணைத்தாள்.