ஆதம்பாவாவின் நங்கூரம்

ஏறாவூரில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஜிப்ரியிடம், வாவியில் வலைக்கு அகப்படும் பழைய இரும்புகளைத் துருப் போக்கித் தரும்படி கொண்டுவந்து கொடுத்துவந்தார்கள். உப்புத் தண்ணீரில் கிடந்த இரும்பை வெயிலில் காயவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதை, ஒரு பழைய வாளைக் கெடுத்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். அதன்பின் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் அமிழ்த்தி, பற்றரி சார்ஜரால் மெல்லிய மின்சாரம் விட்டு, நாளுக்கொரு தடவை பல் பிரஷ்ஷால் நீவுவார். வெட்டிய அடையாளங்கள் துருவுக்கு அடியிலுள்ள கறுப்புத் தோலில்தான் தங்கியிருக்கும். இதையெல்லாம் அவர் யாருக்கும் விளக்குவதில்லை.

சென்ற ஆண்டு உம்மு குல்தூம் வலையில் அகப்பட்ட ஒரு சிறிய நங்கூரத்துடன் வந்தார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் தோணியில் போன அவருடைய கணவர் ஆதம்பாவா திரும்பவில்லை. இறந்ததாகக் கொண்டு இத்தா இருக்கும்படி பலரும் சொன்னார்கள். உடலை மையித்தாகக் காணாமல் விதவைக்குரிய அந்த நான்கு மாதம் பத்து நாளை இருக்க அவர் மறுத்துவிட்டார். ஆதம்பாவா தன் நங்கூரத்தில் உளியால் ‘ஆ’ என்று வெட்டியிருந்தாராம். அந்த எழுத்துத் தெரிந்தால் போதும், இத்தா இருந்துவிடுவேன் என்றார்.

மூன்றாம் கிழமை வெள்ளியன்று தண்டில் ஒரு வளைந்த கோடு தெரிந்தது. எழுத்தாகவும் இருக்கலாம், வெடிப்பாகவும் இருக்கலாம். பார்க்க வந்த உம்மு குல்தூமிடம் அதைக் காட்டி, அவரைக் கடையில் இருத்திவிட்டு, சார்ஜரை அணைத்து ஜும்ஆத் தொழுகைக்குப் போனார் ஜிப்ரி.

திரும்பியபோது நங்கூரம் பளபளத்தது. பக்கத்து வீட்டில் மீன்கறிக்குப் போடும் கொறுக்காய்ப் புளி வாங்கி, மணலும் தேங்காய்த் தும்பும் சேர்த்து, மீன்சட்டி விளக்குவதுபோல் உம்மு குல்தூம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எழுத்து இன்னும் வரல்ல தம்பி. கொஞ்சம் தேய்ச்சா வந்திரும்.”

ஜிப்ரி தும்பை அவர் கையிலிருந்து வாங்கினார். கறுப்புத் தோலும் போயிருந்தது; இனி வராது என்று சொன்னார்.

“நீங்க கண்டீங்கதானே. அது ‘ஆ’தான் எண்டு சொல்லுங்க. நான் போய் இத்தா இருக்கன்.”

“ஒரு கோடுதான் கண்டன் ராத்தா. எழுத்தக் காணல்ல.”

“தொடாதீங்க எண்டாவது சொல்லியிருக்கலாமே.”

எண்ணெய் பூசித் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு உம்மு குல்தூம் நிற்கவில்லை. நங்கூரத்தை உரப்பையில் போட்டு எடுத்துப் போனார். இத்தா இன்னும் இருக்கவில்லை.

ஒரு சொல் சொன்னால் என்ன என்று கடைத்தெருவில் கேட்டார்கள். காணாததைக் கண்டேன் என்று எப்படிச் சொல்வது என்றார் ஜிப்ரி. அதன்பின் யாரும் அவரிடம் இரும்பு கொண்டுவருவதில்லை.