ஜுனைதீனின் கையும் முன் சில்லும்

எருக்கலம்பிட்டி ஜுனைதீன் ஏழு ஆண்டுகளாக ஆதம்பாவா முதலாளியின் சிறு லொறியை ஓட்டிவந்தார். முன்னால் இருவர் அமரும் இருக்கை, பின்னால் திறந்த மரப்பெட்டி. மன்னார்க் கருவாடு அதில் முருங்கனுக்குப் போகும். திரும்பும்போது நெல் வரும்.

1937ஆம் ஆண்டு நோன்பின் முதல் நாளிலேயே அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. வேகம் இருபத்தைந்து மைலைத் தாண்டினால் ஸ்ரேறிங்கோடு சேர்ந்து முழங்கை வரை உதறியது. மாலையில் நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பையை எடுக்கும்போதும் விரல்களில் அந்த அதிர்வு எஞ்சியிருந்தது. அவருடைய வாப்பாவுக்கும் ஐம்பத்தைந்து வயதில் இப்படித்தான் தொடங்கியது. கடைசிக் காலத்தில் தன் கையால் உண்ண முடியாமலே அவர் இறந்தார். ஜுனைதீனுக்கு இப்போது அதே வயது. ஆகவே லொறியின் மீது அவருக்குச் சந்தேகமே எழவில்லை. கோப்பையை இரண்டு கைகளாலும் பற்றப் பழகிக்கொண்டார்.

“பிரயாணத்தில நோன்பை விடலாம்தானே? என்னத்துக்கு இந்தப் பிடிவாதம்?” என்று மனைவி றஹீமா கேட்டாள்.

“முருங்கன் என்ன மக்காவோ, பிரயாணமெண்டு சொல்ல?”

ஒன்பதாம் நாள், அன்றைய ஓட்டம் முடிந்ததும் லொறித் திறப்பை, அதாவது சாவியை, முதலாளியிடம் கொடுத்து வேலையை விட்டுவிடுவதென்று முடிவுசெய்தார். எவரிடமும் சொல்லவில்லை. காலையில் லொறியை மட்டும் இரண்டு முறை கழுவினார். அதைப் பார்த்து நின்ற றஹீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து ஏறி அமர்ந்தாள்.

“கருவாட்டோடையோ வரப்போறாய்?”

“முப்பது வரியம் உங்களோட இருந்தவளுக்குக் கருவாடோ நாறும்?”

மன்னார்த் தீவின் பாலம் கடந்து நேர்ப்பாதை வந்ததும் வேகம் கூடியது, உதறலும் வந்தது. றஹீமா சற்று நேரம் பார்த்திருந்தாள். பின்னர் அவருடைய இடக்கையை ஸ்ரேறிங்கிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்ன செய்யிறாய், நடுறோட்டில!”

“பேசாமல் ஓட்டுங்கோ.” அவள் உள்ளங்கையில் அந்தக் கை அசையாமல் கிடந்தது. “இந்தக் கை சும்மா கிடக்குது. அந்தக் கையை வண்டியெல்லோ ஆட்டுது!”

அவள் மடியில் கிடந்த தம் கையை அவர், வேறொருவருடையதைப் போலப் பார்த்தார்.

முருங்கனில் கராஜ் வைத்திருந்தவர் தோட்டவெளி வலன்ரைன்.

“எத்தினை மைலில உதறுது, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“இருபத்தஞ்சுக்கு மேல.”

“கியரை விட்டு ஓடவிட்டாலும் உதறுதோ?”

“ஓம்.”

“அப்ப எஞ்சின் இல்லை. சீற்று ஆடுதோ?”

“இல்லைத் தம்பி, ஸ்ரேறிங் மட்டும்தான்” என்றாள் றஹீமா.

“அப்ப முன் சில்லுத்தான்.”

ஜாக்கி வைத்து முன் சக்கரங்களை உயர்த்தினார் வலன்ரைன். இடச்சில்லைச் சுழற்றிவிட்டபோது, அது ஒவ்வொரு முறையும் பாரம் கூடிய ஒரே பக்கம் கீழே வரும்படி நின்றது. அந்த இடத்தில் ரயரைக் கழற்றினார். உள்ளே, கிழிந்த இடத்தை மறைத்து, பழைய ரயர்த் துண்டொன்று தடிப்பாகக் கிடந்தது. கரையில் சிப்பி ஓடு கிழித்த ரயருக்கு எல்லாரும் வைப்பதுதான். ஆனால் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கியே வைப்பார்கள்.

“எந்த மடையன் இதைச் சீவாமல் வைச்சது?”

ஜுனைதீன் தலையைச் சொறிந்தார். “நான்தான். நோன்புக்கு முதல்நாள். பிறை பாக்கிற அவசரம்.”

“நோன்பு பிடிச்சது நீங்கள், தள்ளாடினது சில்லு!” வலன்ரைன் கத்தியை எடுத்து ஓரத்தைச் சீவத் தொடங்கினார்.

திரும்பும்போது முப்பது மைல் வேகத்திலும் ஸ்ரேறிங் அமைதியாக இருந்தது. பாலத்தருகே பொழுது சாய்ந்தது. லொறியை ஓரமாக நிறுத்தினார்கள். றஹீமா தூக்குச்சட்டியிலிருந்து கஞ்சி வார்த்தாள்.

“இண்டைக்குத் திறப்பைக் குடுக்க இருந்தனான்” என்றார் அவர்.

“தெரியும். ரெண்டு தரம் கழுவினீங்களே. அதாலதான் வந்தனான்.”

பாங்கு கேட்டது. அவர் வழக்கம்போல இரண்டு கைகளாலும் கோப்பையைப் பற்றினார். றஹீமா அவற்றில் ஒன்றை மெல்ல விலக்கினாள்.

“ஒண்டு போதும்” என்றாள்.